எஞ்சியது யாருக்கு?

(நகர நூல்நிலைய ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் ஊர்களில் ஒருவர் கடன் பாரம் தாங்காமல் நீதிமன்றத்தின் நிழலை நாடினால், ‘அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்று சொல்வது வழக்கமாக இருந்தது. கோர்ட்டு வாசலை மிதித்துப் பழகியவர்கள் அதையே ‘ஐ.பி. கொடுத்துவிட்டார்’ என்பார்கள். அந்தச் செய்தி பரவிய மறுநாள் அவர் வீட்டு வாசலில் யார் யார் வந்து நிற்பார்கள் என்பதைச் சின்ன வயதில் நேரில் கண்டவன் நான். பால்காரர் நிற்பார், மளிகைக்கடைக்காரர் நிற்பார், புரோநோட்டின் பேரில் பணம் கொடுத்தவர் நிற்பார். ஆனால் அந்த வியாபாரத்தில் பாதிப் பங்கு தமக்கு உண்டு என்று அதுவரை பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்த கூட்டாளி மட்டும் அங்கே வந்து நிற்கமாட்டார். கேட்பதற்குத் தமக்கு ஏதும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தம்மிடமே கேட்க வருவார்களோ என்ற பயமும் அவருக்கு உண்டு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அந்தக் கூட்டாளியைப் பற்றியதுதான். ஆனால் இக்காலத்தில் அவர் ஒருவரல்லர், லட்சக்கணக்கானவர். கைபேசியில் விரலால் தொட்ட மாத்திரத்தில், தாம் ஒருநாளும் கண்ணால் காணாத கம்பெனிகளுக்குக் கூட்டாளியாகிவிடுகிற சாமானிய ஜனங்கள் அவர்கள். அந்தக் கம்பெனி நொடித்துப்போனால் அவர்கள் கையிலிருக்கும் பங்கின் கதி என்ன என்பதே என் பேச்சின் பொருள்.

இதைப் பேச வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், ஓய்வுக்கால நிதியில் ஒரு பகுதியைப் போட்டு, ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது இங்கே அவசியமில்லை. ஒரு காலத்தில் பல நூறு ரூபாய்க்கு விற்ற பங்கு, சில ரூபாய்க்கு இறங்கியிருந்த சமயம் பார்த்து வாங்கினார். மேலும் இறங்கியபோது மேலும் வாங்கினார். ஒருநாள் அவருடைய டீமேட் கணக்கிலிருந்து அந்தப் பங்குகள் அடியோடு மறைந்துவிட்டன. என்னிடம் வந்து அவர் கேட்ட கேள்வி இது: “ஐயா, போன வாரம்வரை சந்தையில் இதற்கு விலை போட்டிருந்தான், வாங்குகிறவனும் இருந்தான், விற்கிறவனும் இருந்தான், விலையுள்ள ஒரு வஸ்து எப்படி ஒரே நாளில் ஒன்றுமில்லாமல் போகும்?” படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர், நாற்பது வருஷம் பிறர் கணக்கைச் சரிபார்த்தவர் கேட்ட கேள்வி அது. அதற்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியளிக்கவில்லை. ஆகையால் சற்று விஸ்தாரமாக இன்று அதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

பங்கு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அறுவடை முடிந்து, போரடித்து, தூற்றி, களத்துமேட்டில் நெல்லைக் குவித்தவுடன் அந்தக் குவியல் முழுவதும் நிலத்துக்காரருக்கே உரியது என்று விவரம் அறியாத ஒருவர் எண்ணக்கூடும். ஆனால் பழைய நாட்களில் அறுத்தவர்களுக்குக் கூலி அளந்து, காவல்காரர், தச்சர், கொல்லர் முதலிய கிராம ஊழியர்களுக்குச் சுதந்திரம் என்ற பெயரால் வழங்கிவந்த பங்கை அளந்து, விதைநெல் கடன் கொடுத்தவருக்கு வட்டியோடு அளந்து, சர்க்கார் கிஸ்திக்கும் ஒதுக்கியபின் எஞ்சியதுதான் நிலத்துக்காரர் வீட்டுக் குதிருக்குப் போகும். மகசூல் நன்றாக விளைந்த ஆண்டில் எஞ்சியது மலைபோல் இருக்கும். மற்றவர்களுக்கெல்லாம் குறித்த அளவுதான், அவருக்கு மட்டும் அளவில்லை. மழை பொய்த்த ஆண்டிலோ எல்லாருக்கும் அளந்துமுடியும் முன்பே குவியல் தீர்ந்து, அவருக்குப் பதர்தான் மிஞ்சும். கம்பெனியின் சாதாரணப் பங்கை வாங்குகிறவர் வாங்குவது இந்தக் கடைசி இடத்தைத்தான். கம்பெனி கொழித்தால் அதன் கொழுமையெல்லாம் தமக்கு என்ற பாத்தியதையும், கம்பெனி நொடித்தால் எல்லாருக்கும் பின்னால் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஒரே காகிதத்தின் இரு பக்கங்கள்; ஒன்றைக் கிழித்து மற்றொன்றை வைத்துக்கொள்ள முடியாது.

கடைசியில் நிற்பதைவிடக் கொடியது ஒன்றும் முன்பு இருந்தது. 1878-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, ஸ்காட்லாந்து தேசத்தில் ‘சிட்டி ஆஃப் கிளாஸ்கோ’ என்ற வங்கி கதவை மூடியது. அந்த வங்கியின் பங்குதாரர்களுக்குப் பொறுப்பு வரையறை கிடையாது. வங்கியின் கடன் முழுவதற்கும் ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொத்தைக் கொண்டு ஈடுசெய்தாக வேண்டும். கலைப்பு நிர்வாகிகள், 100 பவுன் பங்கு வைத்திருந்தவர்களிடம் முதலில் 500 பவுன் கேட்டார்கள். அது போதாமல் மறுபடி 2,250 பவுன் கேட்டார்கள். விதவைகளும், பாதிரிமார்களும், சிறு வியாபாரிகளும் தங்கள் வீடுவாசலை விற்றுக் கட்டினார்கள். 1,819 பங்குதாரர்களில் முடிவில் திவாலாகாமல் தப்பியவர்கள் 254 பேர்தான் என்று அக்காலக் கணக்கு கூறுகிறது. நான் முதலில் சொன்ன கூட்டாளி எதற்குப் பயந்து ஒளிந்தாரோ, அந்தப் பயம் அங்கே ஒரு நகரத்தையே விழுங்கியது. இன்றைய லிமிடெட் கம்பெனியில் போட்ட முதலுக்கு மேல் பங்குதாரரிடம் யாரும் ஒரு காசு கேட்க முடியாது. சட்டம் நமக்கு அளித்த மகத்தான பாதுகாப்பு இது. ஆனால் நஷ்டத்துக்கு ஓர் எல்லை கட்டிய அதே சட்டம், போட்ட முதல் முழுவதும் முதலில் போகட்டும் என்றும் சேர்த்தே சொல்லுகிறது. கடன் கொடுத்தவர்கள் அந்த எல்லையைச் சம்மதித்துக்கொண்டது இந்த நிபந்தனையின் பேரில்தான்.

நம் தேசத்தில் இப்பொழுது இவ்விஷயத்தை நிர்வகிப்பது 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம். கம்பெனி கடன் தவணை தவறினால், கடன் கொடுத்தவர் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். மனு ஏற்கப்பட்ட கணத்திலிருந்து கம்பெனியின் மீது வழக்கு, ஜப்தி எல்லாவற்றுக்கும் தடை. இயக்குநர் சபையின் அதிகாரம் நின்றுவிடும். தீர்வு நிபுணர் ஒருவர் பொறுப்பேற்பார். கடன் வழங்கியோர் குழு கூடும். கம்பெனியை வாங்கி நடத்த முன்வருவோர் தீர்வுத் திட்டங்களைச் சமர்ப்பிப்பார்கள். அக்குழுவில் 66 சதவீத வாக்குப் பெற்ற திட்டம் தீர்ப்பாயத்தின் ஒப்புதலைப் பெற்றதும் எல்லாரையும் கட்டுப்படுத்தும். இதில் கவனிக்க வேண்டியது, பங்குதாரருக்கு அக்குழுவில் இடமும் இல்லை, வாக்கும் இல்லை என்பது. சாதாரண காலத்தில் கம்பெனியின் மூலதனத்தைக் குறைப்பதானால் பங்குதாரர்களின் பொதுக்கூட்டத்தைக் கூட்டித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தீர்வுத் திட்டத்திலோ அந்தச் சம்மதம் பெறப்பட்டதாகவே கருத வேண்டும் என்று சட்டம் விளக்கம் கூறிவிட்டது. கம்பெனி நடக்கும்வரை எஜமானராயிருந்தவர், நொடித்த அன்று சபைக்கு வெளியே நிற்கிறார்.

வாங்குவோர் கிடைக்காமல் கம்பெனியைக் கலைக்க நேர்ந்தால் யாருக்கு முன், யாருக்குப் பின் என்பதை அச்சட்டத்தின் 53-ஆம் பிரிவு வகுத்திருக்கிறது. நடவடிக்கையின் செலவு முதலில். பிறகு தொழிலாளரின் 24 மாத ஊதியமும் ஈடு பெற்றுக் கடன் கொடுத்தோரின் பாக்கியும் சமமாக. பிறகு மற்ற ஊழியரின் 12 மாதச் சம்பளம். அதன்பின் ஈடில்லாமல் கடன் கொடுத்தோர். அதற்கும் பின் சர்க்கார் பாக்கி. அப்புறம் மிச்சமுள்ள கடன்கள். அதற்கும் அப்புறம் முன்னுரிமைப் பங்குதாரர். எல்லாருக்கும் கடைசியில் சாதாரணப் பங்குதாரர். களத்துமேட்டில் கண்ட அதே வரிசைதான். வேலை செய்தவன் கூலிக்குப் பின்னால் முதல் போட்டவன் லாபம் நிற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறவன். இதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அநியாயம் வேறோரிடத்தில் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

உதாரணமாக ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1984-இல் பம்பாயில் பதிவான திவான் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனி, பெரிய வங்கிகள் திரும்பிப் பார்க்காத சிறு நகரங்களில், சொற்ப வருமானமுள்ளவர்கள் வீடு கட்டிக்கொள்ளக் கடன் கொடுப்பதை நோக்கமாகக் கொண்டு தோன்றியது. நல்ல நோக்கம், நாளடைவில் நல்ல வளர்ச்சி. 2018 செப்டம்பர் தொடக்கத்தில் அதன் பங்கு சுமார் 690 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதம் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்ற பெரிய நிதி ஸ்தாபனம் தவணை தவறி, நிதிச் சந்தை முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்த வேளையில், செப்டம்பர் 21-ஆம் தேதி இந்தக் கம்பெனியின் பங்கு ஒரே நாளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வீழ்ந்தது. பரஸ்பர நிதி ஒன்று இக்கம்பெனியின் குறுகிய காலக் கடன் பத்திரங்களை, வாங்குகிறவருக்கு அதிக வட்டி விகிதம் கிடைக்கும்படி விலையைக் குறைத்து விற்றது என்ற செய்தியே அந்த வீழ்ச்சிக்குக் கிளம்பிய பொறி. குறுகிய காலக் கடன் வாங்கி நீண்ட கால வீட்டுக் கடன் கொடுக்கிற எந்த ஸ்தாபனத்துக்கும் மூச்சு இருப்பது பிறருடைய நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டபின் புதுக்கடன் கிட்டவில்லை. பழைய கடனோ வாயிலில் வந்து நின்றது. 2019 ஜூன் மாதத்தில் கடன் பத்திரங்களுக்கு வட்டி கொடுக்க முடியாமல் தவணை தவறியது. நவம்பர் 20-ஆம் தேதி ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் சபையை நீக்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் தலைமைப் பொறுப்பில் முன்பு இருந்த ஆர். சுப்பிரமணியகுமார் அவர்களை நிர்வாகியாக நியமித்தது. டிசம்பர் 3-ஆம் தேதி தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு மனுவை ஏற்றது. திவால் சட்டத்தின் கீழ் சென்ற முதல் நிதி நிறுவனம் இதுதான்.

கடன் கொடுத்தவர்களின் கோரிக்கை சுமார் 87,000 கோடி ரூபாய். அதில் பிக்சட் டெபாசிட் போட்ட சாதாரணக் குடும்பத்தாரின் பணமும் அடக்கம். 2021 ஜனவரியில் கடன் வழங்கியோர் குழு, பிரமல் குழுமத்தின் திட்டத்தை ஏறக்குறைய 94 சதவீத வாக்கால் ஏற்றது. ஜூன் 7-ஆம் தேதி தீர்ப்பாயம் அனுமதித்தது. பிரமல் தரப்பு கொடுத்தது 34,250 கோடி. அதில் 14,700 கோடி ரொக்கம், 19,550 கோடி பத்து வருஷக் கடன் பத்திரங்கள். கம்பெனியின் கைவசமிருந்த ரொக்கத்தையும் சேர்த்துக் கடன் கொடுத்தவர்களுக்குக் கிட்டியது சுமார் 38,000 கோடி. கோரியதில் பாதிகூட இல்லை. டெபாசிட் போட்டவர்களில் பெரிய தொகை போட்டவர்களுக்கு அதிலும் சிறு பகுதியே கைக்கு வந்தது. முதுமைக்கென்று சேர்த்த பணத்தை இழந்து அவர்கள் ஏறி இறங்காத படியில்லை.

இப்பொழுது பங்குதாரரின் கணக்கைப் பாருங்கள். வரிசையில் முன்னால் நின்றவர்களுக்கே பாதி வயிறு நிரம்பவில்லை என்றால், கடைசியில் நின்றவருக்கு என்ன மிஞ்சும்? மதிப்பீட்டாளர்கள் கணித்த கலைப்பு மதிப்பு கடன் கொடுத்தோரின் பாக்கிக்கே போதாது. ஆகையால் சாதாரணப் பங்குக்கு உரிய மதிப்பு பூஜ்யம். பங்குகள் யாவும் ரத்தாகும், பங்குதாரர் யாருக்கும் தொகை எதுவும் கிடையாது என்று பங்குச் சந்தைகளுக்குத் தெரிவிக்கப்பட்டது. 2021 ஜூன் 14 முதல் வியாபாரம் நிறுத்தப்பட்டது. கடைசியாக விற்ற விலை 16 ரூபாய் 70 காசு. ரகசியம் எதுவுமில்லாத எளிய கழித்தல் கணக்கு இது. 87,000 கோடிக் கடன் தீராத இடத்தில் எச்சம் என்பதே கிடையாது. ஆயினும் அந்த இல்லாத எச்சத்தின் ஒரு துணுக்குக்கு, கடைசி நாள்வரை 16 ரூபாய் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

என் நண்பர் கேட்ட கேள்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது. விலை இருந்ததே என்றார். விலை என்பது, அந்த நிமிஷத்தில் ஒருவர் எவ்வளவு கொடுக்கச் சம்மதிக்கிறார் என்பதைக் காட்டுகிறதே ஒழிய, அந்த வஸ்துவுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. நல்ல கம்பெனியில் இவ்விரண்டும் காலப்போக்கில் ஒன்றையொன்று நெருங்கும். நொடித்த கம்பெனியில் இரண்டும் வெவ்வேறு திசையில் ஓடும். ஜெட் ஏர்வேஸ் விமானக் கம்பெனி 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி பறப்பதை நிறுத்தியது. ஜூன் 20-ஆம் தேதி தீர்ப்பாயம் அதைத் திவால் நடவடிக்கைக்கு ஏற்றது. துக்கச் செய்தி வந்த அந்த ஜூன் 20-ஆம் தேதியன்றே அதன் பங்கு ஒரே நாளில் 90 சதவீதத்துக்கு மேல் ஏறியது! முன்னமே பங்கைக் கையில் வைத்திராமல் விற்றுவிட்டவர்கள் அதைத் திரும்ப வாங்கியாக வேண்டிய அவசரமும், அவர்கள் வாங்குவதைக் கண்டு மற்றவர்கள் கொண்ட ஆசையும் சேர்ந்து செய்த வேலை அது. அதன்பின் ஐந்து வருஷம் அந்தப் பங்கு கைமாறிக்கொண்டே இருந்தது. 2024 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியைக் கலைக்கும்படி உத்தரவிட்டது.

அமெரிக்காவிலும் இதே மயக்கம் உண்டு. 2009 ஜூன் 1-ஆம் தேதி ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனுப் போட்டது. தொழிற்சாலைகளும் பெயரும் புதிய கம்பெனிக்குப் போயின. பழைய பங்குகள் கடனும் குப்பையுமாய் எஞ்சிய பழைய கூட்டில் தங்கிவிட்டன. புதிய கம்பெனியின் பங்கு என்று நினைத்து மக்கள் பழைய பங்கை வாங்கத் தொடங்கியதைக் கண்ட அதிகாரிகள், ஜூலை மாதத்தில் வியாபாரத்தையே சற்று நிறுத்தி, அதன் சந்தைக் குறியீட்டை மாற்றினார்கள். அப்படியும் வாங்குவது நின்றபாடில்லை. பழைய பங்குதாரருக்கு முடிவில் எதுவும் கிட்டவில்லை.

இதற்கு விலக்கே கிடையாதா என்றால், உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. வாடகைக் கார்க் கம்பெனியான ஹெர்ட்ஸ், பெருந்தொற்றில் பிரயாணம் நின்றுபோய் 2020 மே 22-ஆம் தேதி திவால் மனுப் போட்டது. பங்கு அரை டாலருக்கும் கீழே போய், இரண்டு வாரத்துக்குள் ஐந்து டாலரைத் தாண்டியது. அந்த வேகத்தைக் கண்டு கம்பெனியே, புதுப் பங்குகள் விற்றுப் பணம் திரட்டப் பார்த்தது. இவை முற்றிலும் மதிப்பற்றுப் போகலாம் என்று தன் விற்பனைப் பத்திரத்திலேயே எச்சரிக்கையும் எழுதியது. அமெரிக்கப் பங்குச் சந்தை அதிகாரிகள் குறுக்கிட, அந்த முயற்சி நின்றது. ஆனால் அடுத்த வருஷம் புதுக் கார் உற்பத்திக்குச் சில்லுகள் கிட்டாமல் பழைய கார்களின் விலை ஏறியது. கம்பெனியிடம் குவிந்திருந்த கார்களின் மதிப்பும் ஏறியது. கடன் முழுவதும் தீர்ந்தும் எச்சம் இருந்தது. 2021 ஜூனில் பழைய பங்குதாரர்களுக்கு ஒரு பங்குக்கு 1 டாலர் 53 சென்ட் ரொக்கமும், புதிய கம்பெனியில் சிறு பங்கும், பிற்காலத்தில் பங்கு வாங்கும் உரிமைப் பத்திரங்களும் கிடைத்தன. களத்துமேட்டின் விதி அங்கேயும் மீறப்படவில்லை. எல்லாருக்கும் அளந்தபின் எஞ்சியது, எஞ்சியவருக்குப் போயிற்று. எப்போதோ ஒருமுறை நேர்கிற இதை நினைத்தே ஒவ்வொரு நொடித்த கம்பெனியின் வாசலிலும் கூட்டம் கூடுகிறது.

பட்டியலிலிருந்து நீக்குவது, சந்தை மொழியில் டீலிஸ்டிங், என்பதைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். இதைப் பலர் திவாலோடு குழப்பிக்கொள்கிறார்கள். பட்டியல் நீக்கம் என்பது பங்குக்குச் சந்தை இல்லாமல் போவது. பங்கே இல்லாமல் போவதன்று. நல்ல நிலையிலுள்ள கம்பெனியின் உரிமையாளர்கள் தாமாகவே பொதுமக்களின் பங்குகளை வாங்கிக்கொண்டு சந்தையை விட்டு வெளியேறுவதுண்டு. அப்போது உரிய விலை கொடுத்தே வாங்க வேண்டும். விதிகளை மீறியதற்காகச் சந்தையே ஒரு கம்பெனியை வெளியேற்றுவதுண்டு. அப்போது, சுதந்திர மதிப்பீட்டாளர் நிர்ணயிக்கும் விலைக்குப் பொதுமக்களின் பங்கை வாங்கும் கடமை அக்கம்பெனியின் முதலாளிமாருக்கு உண்டு. காகிதத்தில் உள்ள இந்தக் கடமை எவ்வளவு தூரம் நிறைவேறுகிறது என்பது வேறு விஷயம். மூன்றாவது வழிதான் திவால் வழி. அங்கே 2018 முதல், தீர்வுத் திட்டத்தின்படி நடக்கும் நீக்கத்துக்குச் சாதாரண விதிகளிலிருந்து, பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி விலக்களித்திருக்கிறது. பொதுமக்களுக்குக் கொடுக்கும் விலை, கடன் தீர்ந்தபின் அவர்களுக்குச் சேரவேண்டிய கலைப்பு மதிப்புக்குக் குறையக்கூடாது என்பது நிபந்தனை. அந்த மதிப்பு பூஜ்யமாயின் விலையும் பூஜ்யமே. திவான் ஹவுசிங்கில் நடந்தது இதுதான்.

சில வேளைகளில் வாங்குகிறவர் கம்பெனியைச் சந்தையிலேயே வைத்துக்கொள்ள விரும்புவார். அப்போதும் பழைய பங்கு முழுதாகத் தப்புவதில்லை. சமையல் எண்ணெய்க் கம்பெனியான ருச்சி சோயாவைப் பதஞ்சலி குழுமம் சுமார் 4,350 கோடிக்கு எடுத்துக்கொண்டபோது, பழைய பங்கு 100 வைத்திருந்தவர் கையில் 1 பங்கு மிஞ்சியது. 2020 ஜனவரி 27-ஆம் தேதி ஏறக்குறைய 17 ரூபாயில் மறுபடியும் பட்டியலுக்கு வந்த அந்தப் பங்கு, ஜூன் மாத முடிவில் 1,500 ரூபாயைத் தாண்டியது. பொதுமக்களிடம் இருந்தது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. விற்க ஆளில்லாத பொருளின் விலை அப்படித்தான் ஏறும். இந்த விபரீதத்தைக் கண்டே, மறுபட்டியலின்போது குறைந்தது 5 சதவீதமும், ஒரு வருஷத்தில் 10 சதவீதமும், மூன்று வருஷத்தில் 25 சதவீதமும் பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்று 2021-இல் மத்திய சர்க்கார் விதி செய்தது.

பங்கை இழந்தவர் எல்லாரும் பேராசைக்காரர் என்று சொல்கிறவர்களோடு நான் ஒருபோதும் உடன்படமாட்டேன். 1906-இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கத்தை, 25 ரூபாய்ப் பங்கு 40,000 என்று திட்டமிட்டுத் தோற்றுவித்தபோது பங்கு வாங்கியவர்கள் லாபத்தை மட்டுமா எண்ணி வாங்கினார்கள்? 1911-இல் அக்கம்பெனி கலைக்கப்பட்டு, அதன் கப்பலைப் போட்டிக் கம்பெனியே வாங்கிக்கொண்ட வரலாறு நெஞ்சை அறுப்பது. தாங்கள் வாங்கியது எத்தகைய இடம் என்று அந்தப் பங்குதாரர்களுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தே இழப்பவருக்கும், தெரியாமல் இழப்பவருக்கும் உள்ள வித்தியாசமே நான் இன்று வலியுறுத்துவது.

அநியாயம் வேறோரிடத்தில் இருக்கிறது என்றேன் அல்லவா? கடைசி வரிசையில் நிறுத்துவது அநியாயமன்று. அந்த வரிசைக்கு டிக்கெட் விற்பதைக் கடைசி நாள்வரை நிறுத்தாமலிருப்பதுதான் அநியாயம். மனு ஏற்கப்பட்டது முதல் தீர்ப்பு வரும்வரை மாதங்களும் வருஷங்களும் ஓடுகின்றன. கடன் எவ்வளவு, கலைப்பு மதிப்பு எவ்வளவு, வந்துள்ள திட்டங்களில் பழைய பங்குக்கு என்ன சொல்லியிருக்கிறது என்பவை கடன் வழங்கியோர் குழுவின் அறைக்குள் தெரிந்தவை. வெளியே நிற்கிற ஓய்வூதியக்காரருக்குத் தெரிவது கைபேசித் திரையில் ஓடுகிற விலை ஒன்றுதான். சந்தைகள் இத்தகைய பங்குகளைத் தனிக் கண்காணிப்பில் வைக்கின்றன; ஏற்ற இறக்கத்துக்கு எல்லை கட்டுகின்றன; எச்சரிக்கையும் போடுகின்றன. ஆனால் அந்த எச்சரிக்கையின் பாஷை, அதை முன்பே அறிந்தவருக்கு மட்டுமே விளங்குகிற பாஷை. ‘இக்கம்பெனியின் கடன் இவ்வளவு, அது முழுவதும் தீராமல் உங்களுக்கு ஒரு காசும் கிடையாது, உங்கள் பங்கு ரத்தாகலாம்’ என்ற மூன்று வாக்கியங்கள், வாங்கும் பொத்தானுக்கு மேலே, வாங்குகிறவரின் தாய்மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். மேலும், 2022 நவம்பரில் செபி ஒரு யோசனையைப் பொதுமக்களின் கருத்துக்கு வைத்தது. புதிதாகக் கம்பெனியை எடுத்துக்கொள்பவர் கொடுக்கும் அதே விலைக்கு, பழைய பொதுப் பங்குதாரர்களும் புதிய கம்பெனியில் 25 சதவீதம்வரை வாங்கச் சந்தர்ப்பம் அளிக்கலாம் என்பதே அது. இலவசமாக எதையும் அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. மறுபடி காசு கொடுத்து உள்ளே வர வாசலைத் திறந்துவைக்கச் சொல்லுகிறது. என் அபிப்பிராயத்தில் அது நியாயமான யோசனை. அதைக் கிடப்பில் போடலாகாது.

இங்கே கூடியிருக்கும் இளைஞர்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்று உண்டு. முன்பு 690 ரூபாய் விற்றது இப்போது 16 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்தப் பங்கின் பழைய விலையைக் கேட்காதீர்கள். கம்பெனிக்குக் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். அந்தக் கடனைத் தீர்க்கப் போதுமான சொத்து இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் கிட்டாவிட்டால் உங்கள் தகப்பனாரின் ஓய்வூதியப் பணத்தை அதில் போடாதீர்கள்.

ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். பிரமல் தரப்பு திவான் ஹவுசிங்கை எடுத்துக்கொண்டபோது, சட்டப்படி அழிந்தது திவான் ஹவுசிங் அன்று; பிரமலின் வீட்டுக்கடன் கம்பெனிதான் அதனுள் இணைந்தது; பிறகு பெயர் மட்டும் மாறியது. 1984-இல் பதிவான அந்த உடல் சாகவில்லை. 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்வுத் திட்டத்தை உறுதி செய்தது. அதே கம்பெனி, பிரமல் ஃபைனான்ஸ் என்ற பெயரோடு, 2025 நவம்பர் 7-ஆம் தேதி மறுபடியும் பங்குச் சந்தையின் பட்டியலில் ஏறியது. 2021 ஜூனில் ரத்தான பங்குகளில் ஒன்றுகூட அதோடு திரும்பி வரவில்லை.